சிவப்பைத் தாண்டிய ரயில்: சில விசாரணைகளின் வரலாறு

நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் சந்திப்பு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழு நண்பர் கேட்டபோது, ஹாஸ்டல் சாம்பார், மெஸ் பாக்கி, வகுப்பைக் கட்டடித்துவிட்டுப் பார்த்த சினிமா என்று எதையாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். "அதெல்லாம் வேற ஆளுங்க எழுதிட்டாங்கப்பா. நீ உருப்படியா, இப்ப படிக்கிற பசங்களுக்குப் பயன்படற மாதிரி எதையாச்சும் எழுது" என்று சொல்லிவிட்டார். யோசித்துப் பார்த்தேன். நான்கு ஆண்டுப் படிப்பில் எனக்கு இன்றும் பயன்படுகிற பாடம் ஒன்றே ஒன்றுதான். அதைக் கற்றுக் கொடுத்தது ஒரு ரயில் விபத்து. அதையே எழுதுகிறேன்.

சேத்தியாத்தோப்பில் படித்தவன் ரயிலைப் பற்றி எழுதுவதா என்று சிலர் சிரிக்கலாம். நம்ம ஊருக்கு ரயிலே கிடையாது. விருத்தாசலத்திலோ, நெய்வேலியிலோ, சிதம்பரத்திலோ இறங்கி, பஸ் பிடித்து, குறுக்கு ரோட்டில் மூட்டையோடு நின்றவர்கள்தானே நாம் எல்லோரும். ஆனாலும் செமஸ்டர் லீவு என்றால் வீட்டுக்கு அழைத்துப் போனது ரயில்தான். அந்த நன்றிக்காகவும் எழுதலாம்.

அந்த இரவு

2011 செப்டம்பர் 13, செவ்வாய்க்கிழமை. நாங்கள் அப்போது இ.இ.இ. இறுதி ஆண்டு. சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் நோக்கிச் சென்ற மெமு ரயில், அரக்கோணத்தைத் தாண்டி சித்தேரி அருகே, நின்றுகொண்டிருந்த அரக்கோணம் – காட்பாடி பாசஞ்சரின் பின்புறத்தில் மோதியது. இரவு ஒன்பதரை மணியைத் தாண்டிய நேரம். குறைந்தது 10 பேர் உயிரிழந்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

என் அறை நண்பனுக்கு ஊர் அரக்கோணம் பக்கம். அவன் அப்பா சென்னையில் வேலை பார்த்து, சீசன் டிக்கெட்டில் தினமும் போய்வருபவர். ஹாஸ்டல் டி.வி. அறையில் செய்தி ஓடத் தொடங்கியதும் அவன் போனை எடுத்தான். அப்பாவின் போன் அணைந்திருந்தது. வீட்டில் யாரும் எடுக்கவில்லை. நாங்கள் பத்துப் பேர் அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் பேசத் தெரியவில்லை. பதினொன்றரை மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்து அவரே பேசினார். "நான் அரக்கோணத்துல இறங்கிட்டேன்டா. அந்த வண்டியிலதான் வந்தேன். என் கண்ணு முன்னாலதான் கிளம்பிப் போச்சு." அவன் அதன் பிறகுதான் அழுதான்.

மறுநாள் காலை குறுக்கு ரோட்டு டீக்கடையில் இதே பேச்சு. "டிரைவர் தூங்கிட்டானாம்ப்பா." "இல்லண்ணே, போன்ல பேசிக்கிட்டே ஓட்டியிருக்கான்." "சஸ்பெண்டு பண்ணாப் பத்தாது, தூக்கி உள்ள போடணும்." நானும் சேர்ந்துகொண்டு இரண்டு வார்த்தை சூடாகச் சொன்னேன். ராத்திரி முழுக்க நண்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் இல்லையா? ஆனால் அந்த நேரத்தில் விசாரணை என்பது தொடங்கவே இல்லை. காயத்தோடு பிழைத்த ஓட்டுநரிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க முடியாது. டீக்கடையில் தீர்ப்பு மட்டும் வந்துவிட்டது.

அன்று முதல் வகுப்பு எங்கள் பேராசிரியருக்கு. பாடம் நடத்தும் நிலையில் யாரும் இல்லை என்று தெரிந்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னோம். கேட்டுவிட்டு, "சரிப்பா, டிரைவர் தூங்கிட்டார்னே வச்சுக்குவோம். தூங்கினா வண்டி தானா நிக்கற மாதிரி ஏன் செய்யல? அதுவும் உங்க வேலைதானே? நாளைக்கு நீங்கதானே இன்ஜினீயர்?" என்றார். வகுப்பில் சத்தமே இல்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விதான்.

கைகாட்டி சொல்லும் பாடம்

நம் தாத்தா காலத்தில் சிக்னலுக்குக் கைகாட்டி என்று பெயர். கம்பத்தின் மேல் சிவப்புப் பலகை ஒன்று நீட்டியிருந்தால் நில், தாழ்ந்திருந்தால் போ. இரவில் பலகைக்குப் பின்னால் எண்ணெய் விளக்கு. ஸ்டேஷனிலிருந்து கம்பியை இழுத்தால்தான் பலகை தாழும். இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். வழியில் கம்பி அறுந்துவிட்டால் என்ன ஆகும்? எதிர்ப்பக்கம் கட்டியிருக்கும் எடையின் பாரத்தில் பலகை தானாகவே "நில்" நிலைக்குத் திரும்பிவிடும். அதாவது கருவி கெட்டுப்போனாலும் ஆபத்து இல்லாத பக்கமாகவே கெட வேண்டும். இன்றைய வண்ண விளக்கு சிக்னலிலும் இதே கொள்கைதான். ரிலேயில் மின்சாரம் நின்றால் அது தன் எடையாலேயே விழும், சிவப்பு வரும்.

எல்லா சிக்னலும் ஒன்றல்ல. டிஸ்டன்ட் சிக்னல் எச்சரிக்கை கொடுப்பது. ஹோம், ஸ்டார்டர் போன்றவை நிறுத்த சிக்னல்கள். அவற்றில் சிவப்பு இருந்தால் தாண்டக் கூடாது. பல வண்ண சிக்னல் உள்ள பாதையில் பச்சை, இரட்டை மஞ்சள், மஞ்சள், சிவப்பு என்று வரிசை உண்டு. ஆகவே ஓட்டுநர் சிவப்பைச் சந்திப்பதற்கு முன்பே மஞ்சளைச் சந்தித்திருப்பார். சிவப்பைத் தாண்டியதைப் பற்றிய விசாரணை மஞ்சளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கருவி கெட்டால் சிவப்பு விழும்படி நூறு ஆண்டுகளுக்கும் முன்பே செய்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சிவப்பைப் பார்க்க வேண்டிய மனிதன் தவறினால்? அங்கே நீண்ட காலத்துக்கு இருந்தது விதிப் புத்தகம் மட்டும்தான். ஓட்டுநர் சிக்னலின் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், உதவியாளர் திருப்பிச் சொல்ல வேண்டும். நல்ல விதிதான். ஆனால் புறநகர் மின்சார ரயிலின் முன் அறையில் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். அவர் யாரிடம் சொல்வார்?

அத்தகைய ரயில்களில் டெட்மேன் கைப்பிடி என்று ஒன்று உண்டு. ஓட்டுநர் மயங்கி விழுந்து கை விலகினால் பிரேக் பிடித்துக்கொள்ளும். ஓட்டுநர் இறந்துபோனால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அது பதில். கை கைப்பிடியில் இருக்க மனம் வேறெங்கோ இருந்தால், அல்லது பக்கத்துத் தண்டவாளத்தின் சிக்னலைத் தன் சிக்னல் என்று எண்ணிக்கொண்டால், அதற்கு அந்தக் கைப்பிடியிடம் பதில் இல்லை.

ஒரு சிறு கணக்கு

பொறியியல் கல்லூரி மலரில் ஒரு கணக்காவது இல்லாவிட்டால் எப்படி? மணிக்கு 90 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு ஒவ்வொரு நொடிக்கும் வேகம் அரை மீட்டர் வீதம் குறைவதாக வைத்துக்கொள்வோம். நிற்பதற்கு 50 நொடி ஆகும். அதற்குள் வண்டி 625 மீட்டர் போயிருக்கும். வேகம் பாதியானால், அதாவது 45 கி.மீ. என்றால், தூரம் கால் பங்கு, ஏறத்தாழ 156 மீட்டர். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் ஓடுகிறது. லாரி டயரைப் போலத் தரையைக் கவ்விப் பிடிக்காது.

சிக்னலுக்கு அப்பால் கொஞ்ச தூரத்தைக் காலியாக விட்டுத்தான் சிக்னல் அமைப்பார்கள். இதற்கு ஓவர்லாப் என்று பெயர். பல வண்ண சிக்னல் பாதைகளில் முந்தைய ஸ்டேஷனிலிருந்து வண்டியை வரவிடுவதற்கு 180 மீட்டர், ஸ்டேஷனுக்குள் எடுக்க 120 மீட்டர் என்பது இந்திய ரயில்வேயின் பொது விதி. பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாகப் பிடித்தவரை இது காப்பாற்றும். சிக்னலைப் பார்க்கவே பார்க்காதவரைக் காப்பாற்றாது. 90 கி.மீ. வேகத்தில் ஐந்து நொடி கவனம் சிதறினால் வண்டி 125 மீட்டர் போய்விடும். ஐந்து நொடி என்பது நீங்களும் நானும் ஒரு தும்மல் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் நேரம்.

விசாரிப்பவர் யார்?

நம் நாட்டில் ரயில் விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் விசாரிப்பவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். இவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். கேட்டால் வேடிக்கையாக இருக்கும். இதற்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு.

1937 ஜூலையில் பீகாரில் பிஹ்தா என்ற இடத்தில் விரைவு ரயில் தடம் புரண்டு நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் தொடர்ச்சியாக அந்த வகை இன்ஜின்களை ஆராய அமைந்த குழுவுக்கு, பிரிட்டனின் ரயில்வே ஆய்வுத் துறைத் தலைவர் கர்னல் மவுன்ட் தலைமை தாங்கினார். ரயிலை ஓட்டுகிற வாரியத்தின் கீழேயே அதை ஆய்வு செய்கிற அதிகாரியும் இருப்பது சரியல்ல என்று அந்தக் குழு சுட்டிக்காட்டியது. 1941 மே மாதம் ஆய்வாளர்களை ரயில்வே வாரியத்திலிருந்து பிரித்து, அப்போதிருந்த அஞ்சல் மற்றும் வான்துறையின் கீழ் வைத்தார்கள். அந்த வான்துறைத் தொடர்புதான் இன்றுவரை வருகிறது. 1961-ல் ரயில்வே பாதுகாப்பு ஆணையம் என்று பெயர் மாறியது. தலைமையகம் லக்னோ. நம் பகுதி உள்ளிட்ட தெற்கு வட்டத்துக்கு ஆணையர் அலுவலகம் பெங்களூரில். சித்தேரி விபத்தையும் தெற்கு வட்ட ஆணையர்தான் விசாரித்தார்.

விசாரணை நடக்கும் முறையை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விபத்து நடந்த இடத்தில் பொறியியல், சிக்னல், இயக்கம், மின்சாரம் ஆகிய பிரிவுகளின் மேற்பார்வையாளர்கள் சேர்ந்து கூட்டுக் குறிப்பு எழுதிக் கையெழுத்திடுவார்கள். பிரேக் கைப்பிடி எந்த நிலையில் இருந்தது, தண்டவாளத்தில் உராய்ந்த தடம் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அதில் வரும். ஸ்டேஷனில் உள்ள டேட்டா லாகர் எந்த நொடியில் எந்த சிக்னல் என்ன நிறத்தில் இருந்தது என்பதைப் பதிந்து வைத்திருக்கும். இன்ஜினில் உள்ள வேகப் பதிவுக் கருவி வண்டியின் வேகத்தைச் சொல்லும். ஸ்டேஷன் மாஸ்டரின் பதிவேடு, கார்டின் குறிப்பேடு, கட்டுப்பாட்டு அறையின் பதிவு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவார்கள். ஓட்டுநர் எத்தனை மணி நேரம் பணியில் இருந்தார், அதற்கு முன் எவ்வளவு ஓய்வு, கடைசியாகக் கண் பரிசோதனை எப்போது, சிக்னல் எவ்வளவு தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிறது என்றும் பார்ப்பார்கள். பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்து, விவரம் தெரிந்த பொதுமக்கள் யாரும் வந்து சாட்சி சொல்லலாம் என்று அழைப்பதும் உண்டு.

சித்தேரியில் மெமு சிவப்பு சிக்னலைத் தாண்டி வந்து மோதியது என்பதே தொடக்கத்திலிருந்து சொல்லப்பட்ட காரணம். அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் "யார் தாண்டினார்" என்பது விசாரணையின் முதல் கேள்வி. "ஏன் தாண்டினார்" என்பது இரண்டாவது. "தாண்டியவரைத் தடுக்க வேறு என்ன இருந்தது" என்பது மூன்றாவது. முதல் கேள்வியோடு கோப்பை மூடிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் சில சான்றுகளைப் பார்ப்போம்.

பர்லியில் நடந்தது

1989 மார்ச் 4. லண்டனுக்குத் தெற்கே பர்லி என்ற இடத்தில் ஒரு பயணிகள் ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டி, முன்னால் சென்ற ரயிலின் மேல் மோதியது. ஐந்து பேர் இறந்தார்கள். ஓட்டுநர் பிழைத்தார். தவறு தன்னுடையது என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார், சிறைக்கும் போனார். விஷயம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பிறகுதான் தெரிந்தது, அதே சிக்னலை அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் நான்கு முறை வேறு ஓட்டுநர்களும் சிவப்பில் தாண்டியிருக்கிறார்கள் என்று. மோதல் நடக்காததால் அவை பெரிதாகவில்லை. இந்த விவரங்கள் வெளிவந்த பிறகு, 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்மீதான தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்தது. அந்தச் சந்திப்பின் அமைப்பிலேயே ஓட்டுநர்களைத் தவறவைக்கும் ஏதோ ஒன்று இருந்தது என்பதே நீதிபதிகளின் கருத்து. பதினெட்டு ஆண்டுகள் கழித்து!

இதே பாடம் லண்டனில் இன்னொரு தடவையும் வந்தது. 1999 அக்டோபர் 5 அன்று லாட்புரோக் குரோவ் என்ற இடத்தில் 31 பேர் இறந்தார்கள். அங்கே தாண்டப்பட்ட சிக்னலும் அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் எட்டு முறை சிவப்பில் தாண்டப்பட்ட சிக்னல்தான். எட்டு தடவை மணி அடித்தது. காது கொடுத்தவர் இல்லை.

இந்த இடத்தில் ஜப்பானையும் சொல்லியாக வேண்டும். 1962 மே 3 அன்று டோக்கியோவில் மிகாவாஷிமா நிலையம் அருகே ஒரு சரக்கு ரயில் சிவப்பைத் தாண்டியதில் தொடங்கி, மூன்று ரயில்கள் சிக்கி 160 பேர் இறந்தார்கள். ஓட்டுநரைத் தண்டித்ததோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. சிவப்பைத் தாண்டினால் வண்டியைத் தானாகவே நிறுத்தும் கருவியைத் தங்கள் தேசிய ரயில்வேயின் எல்லாப் பாதைகளிலும் சில ஆண்டுகளுக்குள் பொருத்தி முடித்தார்கள்.

நம் நாட்டில்

நாம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது தவறு. மும்பை புறநகர் ரயில்களில் துணை எச்சரிக்கைக் கருவி வெகு காலமாக இருக்கிறது. சென்னை – கும்மிடிப்பூண்டி புறநகர்ப் பாதையில் 2008-லேயே ரயில் பாதுகாப்பு எச்சரிக்கை அமைப்பு வந்துவிட்டது. சித்தேரி விபத்து நடந்த அதே செப்டம்பர் மாதத்தில் டாக்டர் அனில் ககோட்கர் தலைமையில் உயர்நிலைப் பாதுகாப்புக் குழுவை அரசு அமைத்தது. 2012 பிப்ரவரியில் அது அறிக்கை கொடுத்தது. அந்த ஆண்டிலேயே நம் நாட்டுக்கென்று ஒரு மோதல் தடுப்பு அமைப்பை உருவாக்கும் வேலையும் தொடங்கியது. இன்று அதைக் கவச் என்று அழைக்கிறார்கள். தண்டவாளத்தில் பதித்த அடையாளச் சில்லுகள், வானொலிக் கோபுரம், இன்ஜினில் ஒரு கணினி மூன்றும் சேர்ந்து, ஓட்டுநர் பிரேக் பிடிக்கத் தவறினால் தானே பிடித்துவிடும். 2020-ல் தேசிய அமைப்பாக ஏற்கப்பட்டது. எங்கள் பேராசிரியர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ஆனால் நாட்டின் மொத்தப் பாதையில் பெரும்பகுதிக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. சித்தேரிக்குப் பதினான்கு ஆண்டு கழித்து, 2025 நவம்பர் 4 அன்று சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் அருகே மறுபடியும் ஒரு மெமு ரயில், முன்னால் இருந்த சரக்கு ரயிலின் பின்னால் மோதியது. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள்.

விசாரணை முறையைப் பொறுத்தவரை எனக்கு நம்பிக்கை தந்தது 2024-ல் வந்த ஓர் அறிக்கை. அந்த ஆண்டு ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தில் ரங்காபாணி அருகே, கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்னால் ஒரு சரக்கு ரயில் மோதியது. சரக்கு ரயிலின் ஓட்டுநரும் இறந்துபோனார். அன்றைக்கே அவர்மேல் பழி விழுந்தது. சிக்னலை மதிக்கவில்லை என்றார்கள்.

ஆனால் ஆணையரின் விசாரணை மூன்றாவது கேள்வி வரை போனது. அன்று காலை முதல் தானியங்கி சிக்னல்கள் பழுதாகியிருந்தன. சிவப்பைத் தாண்டிச் செல்லலாம் என்று ஓட்டுநர்களுக்கு எழுத்து மூலம் அனுமதிச் சீட்டு கொடுக்கப்பட்டிருந்தது. எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதில் தெளிவு இல்லை. அன்று அந்தப் பகுதியில் சென்ற மற்ற ரயில்களை எடுத்துப் பார்த்தால், கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மட்டுமே ஒவ்வொரு சிக்னலிலும் நின்று, மெதுவாகப் போயிருக்கிறது. ஒருவர் மட்டும் தவறினால் அது ஆளின் தவறு. பலரும் ஒரே மாதிரி தவறினால் அது சொல்லிக் கொடுத்த விதத்தின் தவறு. காத்திருந்த விபத்து இது என்ற பொருளில் ஆணையர் எழுதினார். பல மட்டங்களில் நடந்த தவறுகளைச் சுட்டிக்காட்டி, கவச் அமைப்பை விரைந்து பொருத்தவும் பரிந்துரைத்தார். இறந்துபோய்ப் பதில் சொல்ல முடியாத ஒருவருக்காகப் பதிவேடுகள் பேசின.

நான் கையெழுத்திட்ட அறிக்கை

இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை வெறும் உபதேசம் ஆகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் கன்வேயர் ஒன்று நின்றுபோனது. ஆபரேட்டர் அதை மறுபடி ஓடவிட்டார். ஓடவிடுவதற்கு முன் ஊத வேண்டிய ஹூட்டர் ஊதவில்லை. பெல்ட்டின் அந்தக் கோடியில் சுத்தம் செய்துகொண்டிருந்த தொழிலாளிக்கு இரண்டு விரல்கள் போயின. மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழுவில் நானும் ஒருவன். ஹூட்டர் ஊதிய பிறகே கன்வேயரை ஓடவிட வேண்டும் என்று செயல்முறைப் புத்தகத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஆகவே "ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று எழுதினோம். ஒரே நாளில் வேலை முடிந்தது. மூன்றாவதாக நான் கையெழுத்துப் போட்டேன். ஆபரேட்டர் சஸ்பெண்டு ஆனார். பிறகு வேலையை விட்டே போய்விட்டார்.

ஆறு மாதம் கழித்து இன்னொரு ஷிப்டில், வேறு ஆபரேட்டர், அதே கன்வேயர், அதே மாதிரி. நல்ல வேளையாக அந்த முறை யாருக்கும் அடிபடவில்லை. அப்போதுதான் பராமரிப்புப் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஹூட்டர் பழுது என்று முதல் விபத்துக்கு நான்கு மாதம் முன்பிருந்தே எழுதி எழுதி வைத்திருக்கிறார்கள். உதிரிப் பாகம் வரவில்லை. உற்பத்தி நிற்கக் கூடாது. ஆகவே மூன்று ஷிப்டிலும் எல்லோருமே ஹூட்டர் இல்லாமல்தான் ஓடவிட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு யாருடைய கையிலும் நடந்திருக்கக்கூடியது, அவர் கையில் நடந்தது. ஹூட்டர் ஊதாவிட்டால் கன்வேயர் ஓடவே கூடாது என்று ஓர் இன்டர்லாக் போட்டிருந்தால் தீர்ந்தது. அந்தக் கைகாட்டிக் கம்பியின் பாடம்தான். வகுப்பில் அதைக் கேட்ட நானே கையெழுத்துப் போட்டேன்.

கூடுதல் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். இன்டர்லாக் வந்தது. ஆனால் அந்த ஆபரேட்டருக்கு அது எந்த வகையிலும் உதவவில்லை. அவரைத் தேடிப்போய்ப் பார்த்தேன். கோபப்படவில்லை. "நீங்க புத்தகத்துல இருக்கறதைத்தானே சார் எழுதுனீங்க" என்றார். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முடிவாக

2025 ஜூலை 8 காலை நம் மாவட்டத்தில், கடலூர் அருகே செம்மங்குப்பத்தில், ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி, பள்ளிப் பிள்ளைகள் மூவர் இறந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். நாம் சிதம்பரத்தில் ஏறி இறங்கிய அதே பாதை அது. கேட் கீப்பர் கைது செய்யப்பட்டார். அந்தக் கேட்டுக்கும் சிக்னலுக்கும் இன்டர்லாக் இல்லை என்பது பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. இன்டர்லாக் இருந்தால், கேட் மூடிப் பூட்டாதவரை ரயிலுக்கு சிவப்புதான். ஒருவரின் தவறு அந்தச் சிவப்போடு நின்றிருக்கும். அதன் பிறகு கேட்டுகளுக்கு இன்டர்லாக் பொருத்துவதை விரைவுபடுத்தச் சொல்லி ரயில்வே உத்தரவிட்டது. பிள்ளைகள் போன பிறகு.

ஆளை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டியவர் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நூற்றுக்கணக்கான உயிர்கள் கையில் இருக்கும் வேலை அது. ஆனால் அவரைத் தண்டிப்பதோடு நாம் வீட்டுக்குப் போய்விட்டால், அடுத்த நாள் அதே இருக்கையில் அதே மாதிரி இன்னொரு மனிதர் உட்காருவார். அவருக்கும் தூக்கம் வரும், தும்மல் வரும், வீட்டுக் கவலை இருக்கும்.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்கள் நெய்வேலியிலோ, சென்னையிலோ, கடல் கடந்தோ ஏதாவது ஒரு விசாரணைக் குழுவில் உட்காரத்தான் போகிறீர்கள். "கவனக்குறைவு" என்ற சொல்லை எழுதப் பேனாவை எடுக்கும்போது, அதற்கு முன் பராமரிப்புப் பதிவேட்டை ஒரு தடவை பின்னோக்கிப் புரட்டுங்கள். இதற்கு முன் எத்தனை பேர் இதே சிவப்பைத் தாண்டினார்கள் என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.

என் அறை நண்பனின் அப்பா இன்றும் நலமாக இருக்கிறார். ஓய்வு பெற்றுவிட்டார். போன முறை பார்த்தபோது சித்தேரி பற்றிப் பேச்சு வந்தது. "அந்த டிரைவர் என்ன ஆனாரோப்பா" என்று கேட்டார். அந்த வண்டியில் வந்து இறங்கியவர் அவர். டீக்கடையில் நாங்கள் யாரும் கேட்காத கேள்வியை அவர்தான் கேட்டார்.

சந்திப்பு அன்று குறுக்கு ரோட்டு டீக்கடைக்கு எல்லோரும் வாருங்கள். பேசுவோம்.